14 வயது மகன், ஆட்டிசம், தூங்காத இரவுகள்: யாரிடம் கொண்டுபோவது?

நாகர்கோவிலில் காட்டுவதா, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழித்துறைக்குப் பக்கத்து ஊர். மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. 4 வயதில் ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேசுவான், சுமாராகப் படிப்பான், பஸ் ரூட் எல்லாம் மனப்பாடம். ஆறு மாதமாக ராத்திரி தூக்கமில்லை. காலையில் யூனிஃபார்மை எடுத்தாலே தலையைச் சுவரில் இடிக்கிறான், கையைக் கடிக்கிறான். இரண்டு தடவை "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லியிருக்கிறான். கவுன்சலர் ஒருவர் "ஆட்டிசம் பிள்ளைக்கு கவுன்சலிங் எடுபடாது" என்று அனுப்பிவிட்டார். தெரபி சென்டரில் "பெரிய பையன், எடுக்க மாட்டோம்" என்றார்கள். ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். பயத்தில் நீங்கள் கொடுக்கவில்லை. இதற்குள் இருக்கும் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இதெல்லாம் ஆட்டிசம்தானா, அல்லது அதற்கு மேல் பிள்ளைக்கு வேறு ஏதோ வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதைப் பார்க்கத் தெரிந்தவர் யார்?

நான் மருத்துவ உளவியலாளர். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பிறந்து, பெரும்பாலும் இங்கேயே 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவள். மருந்து எழுதுவது என் வேலையில்லை. உங்கள் மகனை நான் பார்க்கவுமில்லை. அவனுக்கு இன்னதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்களை இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பியது தவறு என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் சொன்ன அந்த வார்த்தை. "சும்மா சொல்லுதான், எங்கயோ கேட்டது" என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி விட்டுவிட வேண்டாம். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முகத்தில் அழுகை தெரியாமல், டைம்டேபிள் சொல்வதுபோல ஒரே குரலில் சொல்வதால் வீட்டார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவனிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்பது பயம் மட்டும்தான், உண்மையில்லை. சுற்றி வளைத்துக் கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் புரியாது. வீட்டிலுள்ள மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கி வைத்திருக்கும் பூச்சிமருந்து எல்லாம் இன்றைக்கே பூட்டுக்குள் போகட்டும். "ஆமா, யோசிச்சிருக்கேன்" என்று சொன்னால் டாக்டர் தேர்வெல்லாம் பிறகு. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அவனைத் தனியே விடாதீர்கள். ராத்திரியில் கைகால் ஓடவில்லை என்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அடுத்து உடம்பு. நன்றாக இருந்த பிள்ளை சில மாதங்களுக்குள் தலையை இடிக்கத் தொடங்கினால் முதலில் தேட வேண்டியது வலி. பல், காது, மலச்சிக்கல், ஒற்றைத் தலைவலி, இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். "எங்க நோவுது?" என்று கேட்டால் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளால் சொல்ல முடியாது. இவர்களுக்கு வலி தெரியாமல் இல்லை. உள்ளே நடப்பதை இனம் பிரித்துச் சொல்வதுதான் கடினம். வேலைக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெண்பிள்ளை விஷயத்தில் நான் ஆறு வாரம் வீணாக்கினேன். கன்னத்தில் அடித்துக்கொள்கிறாள் என்று நடத்தை அட்டவணை போட்டு, நட்சத்திரம் ஒட்டி, பெற்றோரையும் பாடாய்ப் படுத்தினேன். கடைசியில் கடைவாய்ப்பல் சொத்தை, உள்ளே சீழ். பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் அடிப்பது நின்றது. அந்த ஆறு வாரமும் அவள் வலியோடு இருந்தாள் என்பது இன்றும் மனதில் நிற்கிறது. அதற்குப் பிறகு பல் டாக்டர், காது டாக்டர் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றியும் நான் பேச்செடுப்பதில்லை. இன்னொன்று வலிப்பு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்புநோய் அதிகம். அது பெரும்பாலும் சின்ன வயதிலோ பருவ வயதிலோ தலைகாட்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, தூக்கத்தில் உடம்பு வெட்டுவது, காலையில் படுக்கை நனைந்திருப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அது உதவும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று ஆனபிறகு மனசு. உள்ளுக்குள் பதறுவதை நம்ம ஊர்ப் பேச்சில் வெப்ராளம் என்போமே, இந்தப் பிள்ளைகளை வாட்டுவது பெரும்பாலும் அதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு ஏதோ ஒரு வகைப் பதற்றநோயும் சேர்ந்திருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2011-இல் கணக்கிட்டார்கள். பருவ வயதில் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஆட்டிசம் என்ற பெயர் ஒன்று முன்னமே ஒட்டியிருப்பதால் தூங்காவிட்டால் ஆட்டிசம், சாப்பிடாவிட்டால் ஆட்டிசம், அழுதால் ஆட்டிசம் என்று எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம். டாக்டர்களும் போடுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய எளிய கேள்வி: போன வருடம் இப்படி இருந்தானா? ஆட்டிசம் 4 வயதிலிருந்து இருக்கிறது. இது ஆறு மாதமாகத்தான் இருக்கிறது. புதிதாக வந்ததற்குப் புதிதாக ஒரு காரணம் உண்டு. நீங்கள் ஆட்டிசத்துக்கு வைத்தியம் தேட வேண்டாம். ஆறு மாதமாக அவன் படுகிற பாட்டுக்கு வைத்தியம் தேடுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு.

காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், யூனிஃபார்மைப் பார்த்ததும் ஆரம்பிக்கிறது என்கிறீர்களே. "ஸ்கூல்ல என்னடா பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். வேறு மாதிரி செய்து பாருங்கள். ஒரு தாளில் அவன் நாளை வரிசையாக எழுதுங்கள்: பஸ், அசெம்பிளி, முதல் பீரியட், இடைவேளை, கழிப்பறை, சாப்பாடு, பி.டி. பீரியட், திரும்பி வரும் பஸ். பச்சை, மஞ்சள், சிவப்பு பென்சில் கொடுத்து நிறம் போடச் சொல்லுங்கள். பேச வேண்டாம், எதிரே உட்கார வேண்டாம், பக்கத்தில் இருங்கள். வாட்ஸ்அப்பில் எழுதுவான் என்றால் அடுத்த அறையிலிருந்து எழுதிக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) இரண்டாம் பீரியடுக்கு மட்டும் சிவப்பு அடித்தான். விசாரித்தால், ஆசிரியர் வரும்வரை வகுப்பு லீடர் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவான். இவன் தனக்குள் முணுமுணுப்பவன், அது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. தினமும் பெயர் போர்டில், தினமும் எழுந்து நிற்க வேண்டும். எட்டு மாதம் பெற்றோர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். வகுப்பாசிரியரிடம் சொன்னதும் ஒரே நாளில் அந்தப் பழக்கம் நின்றது. ஆனால் பையனின் பயம் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு மாதத்தில் ஊறிய பயம். அதற்குத் தனியாகப் பல வாரம் வேலை செய்தோம். கேலி, அடி, தவறான தொடுதல் இவற்றையும் விட்டுவிடாமல் கேளுங்கள். யாரோ தொட்டதாகச் சொன்னால் மீண்டும் மீண்டும் விசாரித்துக் கதையைத் துருவாதீர்கள், 1098-க்கு அழையுங்கள்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். முதல் முழுப் பரிசோதனைக்கு நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்பதே என் பரிந்துரை. பல், காது, குழந்தைகள் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால் நான் மேலே சொன்ன உடல் பரிசோதனைகளும் அங்கேயே முடியும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று பெயரைக் கேட்டதும் கைக்குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அது 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அரசுத் திட்டத்தில் வருவது; அதையும் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறைவைத்து வருவார்கள். குழித்துறை அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை என்று ஒரு நடை போய்க் கேட்டு வைத்துக்கொண்டால், தொடர்ந்து மருந்து வாங்க அலைச்சல் குறையும். அரசு ஆஸ்பத்திரியின் குறை உங்களுக்கே தெரியும்: கூட்டம், சத்தம், டாக்டர் கொடுக்கும் நேரம் குறைவு. முதல் நாள் பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி, கூட்டம் குறைந்த நேரம் எது என்று கேட்டு வாருங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். கேட்காமல் போய் வரிசையில் நின்று, பிள்ளை அங்கேயே தலையை இடித்து, பார்க்காமலேயே திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும்.

திருவனந்தபுரம் எப்போது? உங்கள் ஊரிலிருந்து தூரம் என்று பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே 1987 முதல் இயங்கும் சைல்ட் டெவலப்மென்ட் சென்டர் என்ற குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது, ஆக்குளத்தில் பேச்சு, கேட்புத் திறனுக்கான நிஷ் நிறுவனம் இருக்கிறது, வலிப்பு சந்தேகம் என்றால் ஸ்ரீசித்ரா மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவது கருத்துக்கும், மருந்து கொடுத்தும் சரியாகாத நிலைக்கும் நல்ல இடங்கள். ஆனால் வாராவாரம் பேசிச் செய்யும் சிகிச்சைக்கு அங்கே நான் அனுப்ப மாட்டேன், பக்கத்திலேயே ஆள் தேடச் சொல்வேன். வழியெல்லாம் நெரிசலில் ஹாரன் சத்தத்தில் வதைபட்டுப் போய் இறங்கும் பிள்ளை, அன்றைக்கு யாரிடமும் எதுவும் பேசாது. மொழியும் ஒரு காரணம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மலையாளம் தெரிந்திருக்கலாம், அவனுக்கும் புரியலாம். ஆனால் பயத்தைச் சொல்ல அவனுக்கு எந்த மொழி வருகிறதோ அந்த மொழி தெரிந்தவரிடம்தான் பேச்சுச் சிகிச்சை பலிக்கும். அது தமிழாக இருக்கலாம். யூடியூப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இங்கிலீஷாகவும் இருக்கலாம். இன்னும் ஒரு நிலை உண்டு. பிள்ளை திடீரென்று மெதுவாகிவிடுகிறான், வாசற்படியில் கால் வைத்தபடி நின்றுவிடுகிறான், கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நிற்கிறது, பேச்சு குறைகிறது என்றால் அது பிடிவாதமில்லை. கேட்டடோனியா என்ற நிலை பருவ வயது ஆட்டிசப் பிள்ளைகளுக்கு வருவதுண்டு. சரியாகக் கண்டுபிடித்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. அப்போது உள்ளூரில் நாள் கடத்தாமல் பெரிய இடத்துக்குப் போக வேண்டும். பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலப் பிரிவே இருக்கிறது.

பேச்சுச் சிகிச்சை எடுபடாது என்று அந்தக் கவுன்சலர் சொன்னது சரியில்லை. எண்ணம், பயம், செயல் இவற்றுக்கிடையே உள்ள தொடர்பைப் படிப்படியாக மாற்றும் சி.பி.டி. என்ற முறை, பேசத் தெரிந்த ஆட்டிசப் பிள்ளைகளின் பதற்றத்துக்குப் பலன் தருகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலவே செய்தால் பலிக்காது. படம், அட்டவணை, எண் போட்ட பயமானி என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும். அவனுக்குப் பிடித்த பஸ் ரூட்டையே பாடமாக்கலாம்: இந்த ஸ்டாப்பில் பயம் 3, அடுத்த ஸ்டாப்பில் 5. பெற்றோர் கூட இருக்க வேண்டும், உட்காரும் நேரம் குறைவாக, வாரங்கள் அதிகமாக இருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளைகளுக்கு இதே முறை பலிக்குமா என்பதற்குச் சான்று குறைவு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கு இருக்கும் அளவு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனாலும் என் அனுபவத்தில் முயன்றுபார்க்கத் தகுந்தது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கவுன்சலர் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் முறையாகப் பதிவு பெற்றவர்கள் என்று சொல்ல முடியாது. மருத்துவ உளவியலாளர், ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், என்னிடம் கேட்டால் நான் மகிழ்ச்சியாகக் காட்டுவேன். போனிலேயே கேளுங்கள்: ஆட்டிசம் உள்ள பெரிய பிள்ளைகளைப் பார்த்த பழக்கம் உண்டா? அவன் எழுதியோ வரைந்தோ பதில் சொல்ல விடுவீர்களா? கண்ணைப் பார்க்காவிட்டால் பரவாயில்லையா? "பாத்ததில்ல, ஆனா கத்துக்கிட்டுப் பாக்கேன்" என்று நேர்மையாகச் சொல்கிறவரை நம்பலாம். "மூணு மாசத்துல நார்மலாக்கிடுவேன்" என்கிறவரிடம் போகவே வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லாத இடமும் வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் அதை நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக ஏற்கவில்லை. நிலத்தை அடமானம் வைத்து அதற்குப் பணம் கட்டிய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். பிள்ளைக்கு எந்த மாற்றமும் இல்லை, நிலமும் திரும்பவில்லை.

மாத்திரை பற்றி. ஆட்டிசத்தை மாற்றும் மாத்திரை எதுவும் கிடையாது, இது நிச்சயம். தன்னைத்தானே காயப்படுத்தும் அளவுக்குக் கொந்தளிப்பு இருந்தால் அதைக் குறைக்க ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் என்ற இரண்டும் உதவும். அமெரிக்காவில் 2006-லும் 2009-லும் இதற்கென்றே அனுமதி பெற்றவை. பசி கூடும், எடை ஏறும், அதனால் எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகள் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு எந்த அளவு பலன் தரும் என்பதில் இன்னும் தெளிவில்லை. சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. சிலருக்கு முதல் வாரங்களில் இருப்புக்கொள்ளாமை கூடிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். தூக்கத்துக்கு மெலடோனின் பலருக்கு உதவுகிறது. உங்கள் டாக்டர் எழுதியது எது என்று நீங்கள் சொல்லவில்லை. பயந்து அலமாரியில் வைத்திருப்பதற்குப் பதில் அவரிடமே திரும்பப் போய் எதற்காக, எவ்வளவு நாள், எதைக் கவனிக்க வேண்டும், எப்படி நிறுத்துவது என்ற நாலு கேள்வியைக் கேளுங்கள். ஆரம்பித்துவிட்டால் பிறகு நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

பிரார்த்தனைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. அது உங்களைத் தாங்குகிறது என்றால் நல்லதுதான். ஆனால் மைக் செட்டும் கைத்தட்டலும் கூட்டமும் அவனுக்கு வதை. பேய் என்று சொல்லி அடிக்க, பட்டினி போட, கட்டிவைக்க யாரையும் விடாதீர்கள். திருவிழா, கோயில் கொடை என்று பத்து நாளும் தெருவில் ஸ்பீக்கர் கட்டும் காலத்தில் சத்தம் தடுக்கும் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் வேட்டு போடும் நாளில் வேறு உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். தலையை இடிக்கும் நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணை, விளக்கை அணைப்பது, மற்றவர்களை வெளியே அனுப்புவது, ஒன்றிரண்டு சொல், அவ்வளவு போதும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனி மாற்றுத்திறனாக இருக்கிறது. அரசுத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று போட்டிருக்கும். சிந்தனை அற்றவர்கள் இல்லை இவர்கள், அந்தப் பெயரை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை, ஆனாலும் விண்ணப்பத்தில் அதைத்தான் தேட வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அடுத்த வருடப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் மூலம் கேட்கலாம். இப்போதே தொடங்கினால்தான் தேர்வுக்குள் கையில் வரும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் ஓரளவு வரும்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "கடைக்குப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அதற்குப் பிறகு உங்களோடு எங்குமே கிளம்ப மாட்டான். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தாளில் எழுதி, கட்டடத்தின் போட்டோவோடு அவன் மேசையில் வையுங்கள். என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மக்களே, நாளை காலை 9 மணிக்கு நாம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உனக்குத் தூக்கம் வரவில்லை, ஸ்கூலை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அது உன் தப்பில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு டாக்டரைப் பார்ப்போம். அவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லலாம், எழுதிக் காட்டலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். நாளை ஊசி கிடையாது. காத்திருக்க ஒரு மணி நேரம் ஆகலாம், ஹெட்போன் எடுத்துக்கொள். திரும்பி வரும்போது எந்த பஸ்ஸில் வருவது என்று நீ முடிவு செய்." ஊசி பற்றிய வரியை மட்டும், ரத்தப் பரிசோதனை இருக்குமா என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுவிட்டு எழுதுங்கள்.